தார் ரோட்டில் பனிச்சறுக்கு

கல்ஃபில் வேலை பார்க்கிறவனுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சொந்தம். அது வெள்ளிக்கிழமை. அதிலும் அந்த விடியற்காலைத் தூக்கம் இருக்கிறதே, அதில் யாராவது கை வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்தத் தூக்கத்தை ஏறக்குறைய ஒரு வருடம் என்னிடமிருந்து பிடுங்கித் தின்றவர் அண்ணாச்சி. கூடப் பிறந்தவர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பதால் கம்பெனியில் எல்லோருக்குமே அவர் அண்ணாச்சிதான். ஜித்தாவில், ஷரஃபியா கடைத்தெருவுக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஓர் அறையில் நானும் அவரும் இருந்தோம்.

அவர் முதலில் குடும்பத்தோடு இருந்தவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் பல நாள் எனக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் ஆட்களிடம் கனடா ஜுரம் பரவியது. குடும்பத்தோடு போய் இறங்கி, குடியேறுகிற பேப்பரில் முத்திரை வாங்கி, மனைவி பிள்ளைகளை அங்கே குடி வைத்துவிட்டு, சம்பாதிக்கிற ஆள் மட்டும் கல்ஃபுக்குத் திரும்பி வந்துவிடுவார். இதற்கு 'லேண்டிங்' என்று பெயர். அண்ணாச்சியும் அப்படி மனைவியையும் மகள் நித்யாவையும் ஒட்டாவாவில் விட்டுவிட்டு, இரண்டு பெட்டியோடு என் அறைக்கு வந்து சேர்ந்தார். வருடத்துக்கு மூன்று வாரம், டிசம்பரில், போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அவர் குணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ளும்போது அவரை யாரும் பார்த்துவிடக் கூடாது. தெரிந்த பிறகு ஊரே பார்க்கலாம். நடுவில் இருக்கிற அந்தத் தட்டுத் தடுமாறுகிற காலம் இருக்கிறதே, அப்படி ஒன்று தன் வாழ்க்கையில் நடக்கவே இல்லை என்று சாதிப்பார்.

தனியாக வந்த புதிதில் அவருக்குச் சமையல் தெரியாது. ஒரு நாள் நான் டூட்டி முடிந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அறை முழுக்கத் தீய்ந்த பருப்பு வாசனை. அண்ணாச்சி குக்கரைத் தூக்கிக்கொண்டு கக்கூசுக்குள் நின்றார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"ஒண்ணுமில்ல, பாத்திரம் கழுவுதேன்."

கக்கூசில் யார் பாத்திரம் கழுவுவார்கள்? கேட்டால் சண்டை வரும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டு ஒரு சாம்பார் வைத்தார். அப்படி ஒரு சாம்பாரை நான் ஷரஃபியாவில் எந்த ஓட்டலிலும் சாப்பிட்டதில்லை. எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "இதுல கத்துக்க என்னடே இருக்கு? நமக்குத் தெரியும்லா" என்றார்.

இந்த 'நமக்குத் தெரியும்லா'வைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கம்பெனி விருந்துக்கு ஒரு சீன ஓட்டலுக்குப் போனோம். எல்லோரும் அந்தக் குச்சிகளை வைத்துக்கொண்டு கூத்தடித்தோம். பாதிச் சாப்பாடு மேஜையில்தான். அண்ணாச்சி மட்டும் வயிறு சரியில்லை என்று மோர்கூடக் கிடைக்காத அந்த இடத்தில் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் ஸ்டேப்ளர் தேடி அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே இரண்டு பென்சிலும் ஒரு டப்பா வேர்க்கடலையும் இருந்தன. அடுத்த வருட விருந்தில் அவர் ஒற்றைப் பட்டாணியைக் குச்சியால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டதை மேனேஜரே நின்று வேடிக்கை பார்த்தார்.

அரபியும் அப்படித்தான். பல வருடம் எந்த அதிகாரி வந்தாலும் வெறும் தலையாட்டல். பிறகு ஒரு நாள் முனிசிபாலிட்டியிலிருந்து சோதனைக்கு வந்தவரிடம் மடை திறந்த மாதிரி பேச ஆரம்பித்தார். போர்வைக்குள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, ரேடியோச் செய்தியை முணுமுணுத்து முணுமுணுத்துப் படித்திருக்கிறார். அதை நான் ஏதோ ஜெபம் என்று நினைத்து அத்தனை நாள் மரியாதை கொடுத்திருந்தேன்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் அவர் மகள் பனிமேல் கூப்பிட்டாள்.

அங்கே பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளைப் பனிச்சறுக்குக்குக் கூட்டிப் போகிறார்கள். டிவியில் காட்டுவார்களே, மலை உச்சியிலிருந்து சர்ரென்று பாய்ந்து வருவது, அது இல்லை. இது கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங். காட்டுக்கு நடுவே பனியில் போட்ட தடத்தில், நீளமான ஒல்லியான இரண்டு பட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, கையில் இரண்டு கம்புகளை ஊன்றி, மைல் கணக்காக வழுக்கி வழுக்கிப் போவது. நித்யாவுக்கு அது உயிர். அண்ணாச்சி முதல் டிசம்பர் போனபோது அம்மாவும் மகளும் அவரைக் கூட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "குளிர் ஜாஸ்தி" என்பதோடு நிறுத்திக்கொண்டார். மிச்சக் கதை அவர் மனைவி போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"உங்க அண்ணாச்சி கால்வலின்னு சொல்லிட்டாவ தம்பி. எங்க பையெல்லாம் காவல் காத்துக்கிட்டு, கையில ஃபிளாஸ்க்கோட, குளிர் காயுததுக்குன்னு அங்க இருக்க குடிசை வாசல்லயே ரெண்டு மணி நேரம் நின்னாவ. அடுத்த வருஷம் கண்டிப்பா வரணும்ப்பான்னு நித்யா சத்தியம் வாங்கியிருக்கா."

கால்வலியாவது ஒன்றாவது. ஆனால் அண்ணாச்சி அதற்குப் பிறகு என்னிடம் சொன்னதை நான் கேலி செய்ய மாட்டேன். வேறு எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தபோது திடீரென்று சொன்னார்.

"என் தோள்ல உக்காந்து கார்னிஷ்ல கடல் பாத்த புள்ள தம்பி. இப்ப வருஷத்துல மூணு வாரம்தான் நான் அவளுக்கு அப்பா. அந்த மூணு வாரத்துலயும் அவ காட்டுக்குள்ள போவா, நான் பையைக் காத்துக்கிட்டு வெளிய நிக்கணுமா? அடுத்த வருஷம் நான் அவ கூடப் போவேன்."

ஜித்தாவில் எங்கே பனி இருக்கிறது? அதற்கும் ஒரு வழி வந்து சேர்ந்தது. எங்கள் பிளான்ட்டுக்கு ஃபின்லாந்திலிருந்து ஓர் இஞ்சினியர் வந்திருந்தார். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், வெயிலில் சிவந்துபோன மூக்கு. அவர் ஊரில் பனி இல்லாத மாதங்களில் தார் ரோட்டிலேயே பழகுவதற்கென்று சக்கரம் வைத்த ஸ்கீ இருக்கிறதாம். முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான அலுமினியப் பட்டை, முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம். பூட்ஸின் முன்நுனி மட்டும் அதில் மாட்டும், குதிகால் தன் போக்கில் தூக்கிக்கொள்ளும். பிரேக் கிடையாது. அவர் புதுசு வரவழைத்துவிட்டு, பழைய ஜோடியை பூட்ஸோடும் கம்போடும் விற்பதாக கேன்டீனில் எழுதி ஒட்டியிருந்தார்.

நம் அண்ணாச்சி அதை ஸ்டோர் கீப்பர் பிலிப்பினோவை விட்டு வாங்கினார். வாங்குவது யார் என்று விற்கிறவருக்குத் தெரியக் கூடாதாம்! பனியிலேயே பிறந்து வளர்ந்த மனிதர் தினம் இரண்டு வேளை எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். போய் ஒரு வார்த்தை கேட்டால் போதும். இதைச் சொன்னதற்கு அண்ணாச்சி என்னை முறைத்தார்.

"கேட்டா நான் தெரியாதவன்னு ஆயிரும்லா."

"தெரியாதுதானே அண்ணாச்சி?"

"அது உனக்கும் எனக்கும் இருக்கட்டும்."

ஜித்தாவுக்கு வடக்கே அப்போது நிறைய வெற்று மனைகள். அகலமான தார் ரோடு போட்டு, நடைபாதை கட்டி, விளக்குக் கம்பம்கூட நட்டிருப்பார்கள். வீடு ஒன்றுகூட இருக்காது. கார் ஓட்டப் பழகுகிறவர்களைத் தவிர அங்கே யாரும் வர மாட்டார்கள். வெள்ளிக்கிழமை விடியும்போது என் பழைய காரில் அங்கே போவோம். எனக்கு என்ன வேலை தெரியுமா? காரை எதிர்ப்பக்கம் பார்த்து நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து, ஏதாவது வண்டி வந்தால் ஹாரன் அடிக்க வேண்டும். அவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டு, அந்த வேடிக்கையையும் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்த முட்டாள் நான்.

காதால் கேட்டதுதான் மிச்சம். கம்பின் இரும்பு முனை ரோட்டில் டிக், டிக் என்று குத்தும். பிறகு ஒரு தடால். பிறகு கொஞ்சம் அமைதி. மறுபடியும் டிக், டிக். ரோட்டுக்குக் குறுக்கே காற்று கொண்டுவந்து போட்ட மணல் திட்டுத் திட்டாகக் கிடக்கும். அதில் சக்கரம் புதைந்தால் ஸ்கீ நின்றுவிடும், அண்ணாச்சி நிற்க மாட்டார். முட்டியிலும் முழங்கையிலும் தோல் வழன்று வந்து காரில் ஏறி, "ரோடு சரியில்ல" என்பார். ஆபீசில் யாராவது காயத்தைப் பார்த்துக் கேட்டால் மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சொல்லுவார். வாராவாரம் ஒரு மனிதர் மாடிப்படியில் விழுவாரா?

ஒரு வெள்ளிக்கிழமை வண்டிச் சத்தம் எதுவும் இல்லாமலே ஃபின்லாந்துக்காரர் வந்துவிட்டார். அவருக்கும் அதே ரோடுதான் பிடித்திருக்கிறது. தூரத்தில் இரண்டு கம்புகளையும் வீசி வீசி மிதந்து வருவதை நான்தான் முதலில் பார்த்தேன். ஹாரன் அடித்தேன். அண்ணாச்சி பறந்து வந்து காருக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்கீயைக் கழற்றி அடியில் தள்ளினார்.

"பானெட்டைத் தெறடே! வண்டி பிரேக்டவுன்னு சொல்லு!"

நானும் திறந்தேன். வேறென்ன செய்வது? அந்த நல்ல மனிதர் நின்று, என் காரின் எஞ்சினுக்குள் தலையை விட்டு, பேட்டரி வயரை ஆட்டிப் பார்த்து, ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் கவலைப்பட்டார். அண்ணாச்சி பக்கத்தில் நின்று, காலில் அந்த பூட்ஸோடு, ரேடியேட்டரைப் பற்றி அபிப்பிராயம் சொன்னார். காருக்கு அடியிலிருந்து இரண்டு கம்பு நீட்டிக்கொண்டிருந்தது. ஃபின்லாந்துக்காரர் கம்பைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிளம்பிப் போய்விட்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

மறுநாள் கேன்டீனில் அவராகவே என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "உன் நண்பர் எடையை இரண்டு காலிலும் வைத்துக்கொண்டே போகிறார். தூரத்திலிருந்தே பார்த்தேன். அப்படி என்றால் அது நடை, சறுக்கல் இல்லை. ஒரே காலில் முழுசாக நிற்க வேண்டும். அது ஓடி முடிகிற வரைக்கும் நிற்க வேண்டும். பிறகுதான் அடுத்த கால்" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். அவர் ஊரில் சின்னப் பிள்ளைகளைக் கம்பே கொடுக்காமல்தான் முதலில் விடுவார்களாம். அதையும் சொல்லச் சொன்னார்.

இதை அண்ணாச்சியிடம் நேராகச் சொன்னால் காரியம் கெட்டுவிடும். இரவு சப்பாத்தி திரட்டும்போது, சும்மா பேச்சுவாக்கில், "ஒத்தைக் கால்ல நின்னு பாத்தா என்ன அண்ணாச்சி?" என்றேன்.

"அதைத்தான் நானும் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இன்னொரு உத்தியோகம். வாரம் முழுக்கக் கேன்டீனில் பாடம் கேட்பது, அதை யாரோ வழியில் போகிறவன் சொன்ன மாதிரி அறையில் உதிர்ப்பது. காலைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்க வேண்டும். கணுக்காலை மடித்து முன்னால் சாய வேண்டும். கம்பை முன்னால் தூரமாக நீட்டக் கூடாது, பாதத்துக்குப் பக்கத்தில் ஊன்றி இடுப்பைத் தாண்டித் தள்ளிவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் "அதைத்தான் நானும் நெனச்சேன்." ஒரு நன்றி கிடையாது, ஒரு டீ கிடையாது. ஆனால் டிக், டிக் என்ற அந்தச் சத்தம் வர வர மாறிக்கொண்டே வந்தது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. வெயில் குறைந்த ஒரு காலையில் தடால் சத்தம் கேட்கவே இல்லை. பொறுக்க முடியாமல் கண்ணாடியில் பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் தொந்திக்காரர், ஒரு காலில் நின்று, மறு காலைப் பின்னால் நீட்டி, விளக்குக் கம்பங்களைத் தாண்டித் தாண்டி வழுக்கிக்கொண்டு போனார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

இறக்கம் மட்டும்தான் பாக்கி. எல்லாமே சமதரையில் பழகியது. இறக்கத்தில் எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. மேம்பாலச் சரிவில் போய்ப் பார்க்கலாமா என்றேன். "அங்கன ஆளு பாப்பான்" என்று தட்டிக் கழித்துவிட்டார். டிசம்பரில், போய்த் திரும்பி வருவதற்கான எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா அடித்துக்கொண்டு கிளம்பினார்.

திரும்பி வந்தபோது முகம் பெருமாள் கோவில் கோபுரம் மாதிரி நிமிர்ந்திருந்தது.

"போனேன். மாட்டுனேன். வழுக்குனேன். அவ்வளவுதான்."

"நித்யா என்ன சொன்னா?"

"ஒண்ணுமே சொல்லல. வாயடைச்சுப் போயிட்டா புள்ள. அப்பாவுக்கு எப்படித் தெரியும்னு அவ அம்மைகிட்ட கேட்டாளாம். அப்படியே அசந்துட்டா."

அந்த வாரம் வழக்கம் போல வெள்ளிக்கிழமை போன் போட்டார். அங்கிருந்து கூப்பிட்டால் செலவு என்று எப்போதும் இவர்தான் கூப்பிடுவார். கொஞ்சம் பேசிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.

"அங்கிள், அப்பா அங்க ஸ்கீ கிளாஸ் போனாரா?" நித்யா கேட்டாள்.

நான் உளறினேன். கிளாஸ் என்றெல்லாம் இல்லை, அவருக்கு முன்பே கொஞ்சம் தெரியும்...

"பொய் சொல்லாதீங்க. போன வருஷம் அவர் ஸ்கீயை மாட்டிக்கூடப் பாக்கல. நான்தான் சொல்லிக் குடுக்கறேன்னு சொல்லியிருந்தேன். சாட்டர்டேஸ்ல லிட்டில் கிட்ஸுக்குச் சொல்லித்தர்ற இடத்துல ஹெல்ப்பரா சேர்ந்தேன் அங்கிள், எப்படிச் சொல்லித்தர்றதுன்னு தெரிஞ்சுக்க. அப்பா சைஸுக்கு பூட்ஸ்கூட இரவல் வாங்கி வெச்சிருந்தேன். அவர் வந்தாரு, மாட்டினாரு, போயிட்டாரு. நான் பின்னால நின்னுட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

நான்தானே கேன்டீனிலிருந்து சுமந்து வந்து கொட்டினேன். ஆனால் யாரிடம் கேட்க வேண்டும், யாரிடம் கேட்கக் கூடாது என்று ஒரு தகப்பனுக்குத் தெரிய வேண்டாமா? பால் பாத்திரத்தோடு வந்தவரிடம் அன்றைக்கே, நின்ற நிற்பிலேயே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அவ சொல்லிக் குடுக்கணும்னு ஒரு வருஷமா காத்துக்கிட்டு இருந்திருக்கா அண்ணாச்சி. உங்களுக்கு அவ குடுக்கிறதுக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதான்."

"எனக்குத்தான் தெரியும்லா."

"அந்தத் 'தெரியும்லா'தான் பிடிச்ச சனியன்!" என்று கத்திவிட்டேன்.

"அப்ப, நான் அங்கன போயி அவ முன்னால விழுந்திருக்கணும்ங்கியா?"

"ஆமா. விழுந்திருக்கணும்."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தனியாகச் சமைத்தார், தனியாகச் சாப்பிட்டார். எனக்கும் வீம்பு. பிறகு ஒரு சாயங்காலம் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார்.

"ஒரு எடத்துல இறக்கம் வந்துச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ரெண்டையும் கழத்திக் கையில பிடிச்சுக்கிட்டு, மரத்தோரமா நடந்துதான் எறங்குனேன். அவ பின்னால தூரத்துல வந்தா. பாக்கல."

"அதை அவகிட்ட கேளுங்க அண்ணாச்சி. இறக்கத்தைச் சொல்லிக் குடுன்னு கேளுங்க. அது போதும்."

"கேப்போம், கேப்போம்" என்றார்.

கேட்டாரா? வாராவாரம் போன். சாப்பிட்டியா, படிச்சியா, அங்க குளிரா, அம்மா எங்க. அந்தப் பக்கம் ம், ம், ஆமா. அவள் பதில்கள் மாசத்துக்கு மாசம் சுருங்கிக்கொண்டே வந்தன. நான் கண்ணால் ஜாடை காட்டுவேன், கையால் சரிவு போட்டுக் காட்டுவேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அந்த போனைப் பிடுங்கி நானே கேட்டுவிடலாமா என்று இருக்கும். கோடை போயிற்று, நோன்பு மாதம் வந்து போயிற்று, அடுத்த டிசம்பர் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

கடைசியில் அவர் என்ன செய்தார் தெரியுமா? கேட்பதற்கும் ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார்! மறுபடியும் வெள்ளிக்கிழமை, மறுபடியும் விடியற்காலை, அதே வெற்று ரோடு. காருக்குள் நான் நித்யாவாக உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, இறக்கத்துல நிப்பாட்டுததுல அப்பாவுக்கு ஒரு சின்ன சந்தேகம்."

"சந்தேகம் இல்ல அண்ணாச்சி. தெரியாதுன்னு சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானடே."

"ஒண்ணு இல்ல. சொல்லுங்க."

"இறக்கத்துல நிப்பாட்டுதது எனக்கு... அவ்வளவா பழக்கமில்ல."

"தெரியாது!"

சூரியன் உச்சிக்கு வருவதற்குள் ஒருவழியாக அந்தச் சொல் வந்தது. என்னைப் பார்க்காமல், வெளியே விளக்குக் கம்பத்தைப் பார்த்துச் சொன்னார். அதுவே பெரிசு என்று வீட்டுக்கு வந்தோம்.

அன்று சாயங்காலம், அஸர் தொழுகை நேரத்துக்குச் சற்று முன்னால் போன் போட்டார். அங்கே காலை, அவள் பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் சாட்சிக்கு இருக்க வேண்டுமென்று ஸ்பீக்கரில் போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிப் பிள்ளை மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தார்.

"அம்மா, இறக்கத்துல எப்படி நிப்பாட்டணும்னு அப்பாவுக்குத் தெரியாது. நீ சொல்லித் தருவியா?"

அந்தப் பக்கம் பையில் புத்தகம் வைக்கிற சத்தம் கேட்டது.

"நெட்ல வீடியோ நிறைய இருக்குப்பா. பாருங்க. நீங்க தானா கத்துக்குவீங்க."

கோபமெல்லாம் இல்லை. கடைக்காரர் வழி சொல்கிற குரல். இந்தப் பதிலுக்கு நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லிக் கொடுப்பது? எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இதை இந்த மனிதர் ஒரு வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்கக் கூடாதா?

"பஸ் வந்துடும்பா, வெச்சிடவா?"

"நெட்டு வேண்டாம்மா" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "எனக்குப் பயமா இருக்கு."

"என்னது?"

"இறக்கத்தப் பாத்தா பயமா இருக்கும்மா. போன வருஷம் நீ பாக்காதப்ப ரெண்டையும் கழத்திட்டு நடந்துதான் எறங்குனேன். அதுக்கு முந்தின வருஷம் கால்வலின்னு சொன்னேம்லா... அதுவும் பயந்தான். நீ இருக்கும்போது விழுந்துருவேனோன்னு பயம்."

பை சத்தம் நின்றுவிட்டது. நான் லைன் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"சீரியஸாவாப்பா?"

"ஆமாம்மா."

"ஓகே. ஓகே, கேளுங்க. பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. ஃபர்ஸ்ட்டு, பயந்தா நிமிரக் கூடாது, முட்டியை மடிக்கணும், சரியா? அப்புறம் ஸ்கீ ரெண்டோட முன்நுனியையும் கிட்டக் கிட்ட கொண்டு வந்து, பின்னால குதிகாலை..."

அறுந்துவிட்டது. பேலன்ஸ் காலி. ரெக்கார்டு செய்த அரபிப் பெண் குரல் ஏதோ சொல்லி வணக்கம் வைத்தது.

என் செல்லில் இருந்த காசு மிஸ்டு கால் கொடுக்கத்தான் தேறும். அதைச் சொல்வதற்குள் அண்ணாச்சி அறையில் இல்லை. ரொட்டி வாங்கக் கீழே போவதென்றாலும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போகிறவர், லுங்கியும் பனியனுமாக, பாத்ரூம் செருப்போடு படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

கீழே பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். மளிகைக் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. அடுத்த கடையும், அதற்கு அடுத்ததும். ஷரஃபியா முழுக்க ஷட்டர், தொழுகை நேரத்தில் அங்கே எந்தக் கடையும் திறந்திருக்கக் கூடாது. தொழுகை முடிந்து கடை திறக்க எப்படியும் இருபது நிமிடம் ஆகும், அதற்குள் பஸ் போய்விடும். வழக்கம் போலக் கடை திறப்பதற்காக நம் ஆட்கள் படிக்கட்டுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தமிழர்கள், மலையாளிகள், ஹைதராபாத்காரர்கள்.

அண்ணாச்சி முதல் படியில் இருந்தவரிடம் போய், "தம்பி, ரீசார்ஜ் கார்டு வச்சிருக்கியா?" என்று கேட்டார். அவர் இல்லையென்று தலையாட்டினார். அடுத்தவரிடம் மலையாளத்தில் கேட்டார். அதற்கு அடுத்தவரிடம் இந்தியில். "கார்டு இல்லன்னா உன் போனைத் தா ராசா, ஒரே ஒரு நிமிஷம், கனடாவுக்கு."

"என்னண்ணே, பதறுறீங்க? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று ஒரு பையோடு உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து கேட்டார்.

"இல்ல தம்பி" என்றார் அண்ணாச்சி, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "எனக்கு ஒண்ணு தெரியாது. என் பொண்ணு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தா. பாதியில கட்டாயிருச்சு."

எதிர்வரிசைப் படிகளில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்தப் பக்கமும் ஓடி, ஒருவரையும் விடாமல் கேட்டுக்கொண்டே போனார்.